மோராக் கல்யாணக் கோப்பையில் எந்த ஊர் விஸ்கி?

இன்வர்டல்லி,
ஸ்பே ஆற்றங்கரை,
திங்கட்கிழமை.

அன்புக்குரிய மைத்துனர் ருவாரி அவர்களுக்கு,

ஹெக்டர் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்கா இஷ்பெலும் எங்கள் மகள் மோராக்கும் மழையோடு நலம். ஐலாத் தீவில் நீங்களும் உங்கள் ஆடுகளும் நாய் ஃப்ளாஸும் காற்றோடு நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முழங்கால் வலி குறைந்ததா என்று அக்கா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

முப்பது சொச்சம் வருஷத்துக்கு முன்னால், எனக்கும் உங்கள் அக்காவுக்கும் கல்யாணமான அன்று, நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. சர்ச் ஹாலில் நான் ஆசையாக நீட்டிய கிளாஸை வாங்கி ஒரே மடக்கில் குடித்தீர்கள். அப்புறம் கிளாஸைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "அத்தான், இதுல புகையே இல்லையே! புகை இல்லாத விஸ்கில குடிக்கறதுக்கு என்னதான் இருக்கு?" என்று கேட்டீர்கள். உங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் வாத்தியார், கேள்வி கேட்டவனைக் கோபித்துக்கொள்ளும் வழக்கம் எனக்கு இல்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் போட்டோக்காரர் கூப்பிட்டுவிட்டார். இந்தக் கடிதம்தான் அந்தப் பதில். கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

போன மாதக் கடைசியில் நீங்கள் போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். "அத்தான், மருமக கல்யாணத்துக்கு வருவேன். எங்க வீட்டு வழக்கப்படி கோப்பையோட ஒரு காதப் புடிச்சு அவ வாய்க்கிட்ட கொண்டுபோவேன். ஆனா உள்ள இருக்கறது எங்க ஊர்ச் சரக்கா இருக்கணும். உங்க ஊர் பார்லித் தண்ணிய ஊத்தறதா இருந்தா நான் கப்பலே ஏற மாட்டேன், பாத்துக்கங்க." இதைக் கேட்டுக்கொண்டிருந்த உங்கள் அக்கா போனைப் பிடுங்கி, "ஆடு மேய்க்கறவனுக்கு இவ்வளவு ராங்கியாடா? வராட்டிப் போ!" என்று வைத்துவிட்டாள். வைத்த பிறகு உங்கள் பேரில் இருந்த கோபத்தை என் கஞ்சியில் காட்டினாள். இரண்டு நாள் அடிப்பிடித்த ஓட்ஸ் கஞ்சி சாப்பிட்டேன். மோராக் வேறு மாதிரி. "மாமா வந்து காதப் புடிக்கலைன்னா கோப்பையே வேணாம்ப்பா. ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டு, மீன் வறுவல் வாங்கிச் சாப்ட்டுட்டு வந்துடறோம்" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்வாள். அந்தப் பிடிவாதம் எந்தத் தீவிலிருந்து வந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை.

என் நிலைமையையும் பாருங்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு காதைப் பிடித்துக் கல்யாணப் பெண்ணுக்குக் குடிக்கக் கொடுக்கிற அந்தக் கோப்பை, உங்கள் அக்காவோடு இங்கே வந்தாலும், உங்கள் குடும்பத்துச் சொத்து. தேவாலயம் போதகர் அம்மாவுடையது. மாப்பிள்ளை சம்பந்தி வில்லியுடையவர். பெண்ணைப் பெற்றவன் என்று என் பங்குக்கு மிஞ்சியிருப்பது அந்த நாலு வாய் விஸ்கிதான். அதுவும் எங்கள் ஆற்றுத் தண்ணீரில் வடித்ததாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவது பெரிய குற்றமா? நீங்களும் வர வேண்டும், என் ஊர் விஸ்கியும் இருக்க வேண்டும். இதற்கு ஒரே வழி உங்களுக்குப் பாடம் எடுப்பதுதான் என்று முடிவு செய்தேன்.

ஒன்றாம் வகுப்புக்குச் சொல்வதுபோலவே சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் ஊரில் முளைகட்டின பார்லியை, சதுப்பில் வெட்டியெடுத்த பீட் மண்ணை எரித்து அந்தப் புகையில் உலர்த்துகிறார்கள். எங்கள் பள்ளத்தாக்கில் புகை படாமல் வெறும் சூட்டில் உலர்த்துகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு சின்ன அறையில் ஒரு பெண் ஃபிடில் வாசித்துக்கொண்டிருக்கிறாள் என்று வையுங்கள். அந்த அறைக்குள் ஒருவன் பேக்பைப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து ஊதினால் ஃபிடில் கேட்குமா? கேட்காது. அதற்காக அவள் வாசிக்கவில்லை என்று சொல்லலாமா? இன்னொரு உதாரணம். என் வகுப்பில் டேவி என்று ஒரு பையன் இருந்தான். அவன் இருக்கிறவரை வகுப்பு முழுக்க அவன் குரல்தான். அவனுக்குப் பொன்னுக்குவீங்கி வந்து லீவு போட்டபோதுதான், மூன்றாவது பெஞ்சில் எல்சி என்று ஒருத்தி இருப்பதும் அவள் வெகு அழகாகக் கதை சொல்வாள் என்பதும் எனக்குத் தெரிந்தது. டேவி கெட்டவன் இல்லை. இப்போது போலீஸில் இருக்கிறான். ஆனால் எல்சியைக் கேட்க வேண்டுமானால் டேவி கொஞ்சம் வெளியே போகத்தான் வேண்டும். எங்கள் விஸ்கி எல்சி மாதிரி.

பாடத்தை உங்களுக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒத்திகை பார்ப்பது நல்லது என்று, போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் போதகர் எஃபி லம்ஸ்டன் அம்மாவையும் சம்பந்தி வில்லியையும் வீட்டுக்குக் கூப்பிட்டேன். நான் ஓய்வு பெற்றபோது பள்ளியில் கொடுத்த பாட்டில், பதினெட்டு வருஷம் பீப்பாயில் இருந்தது, பீட் புகையே படாதது, அதை முதல்முதலாகத் திறந்தேன். வில்லி பஸ் ஓட்டுகிறவர். விஸ்கியில் லெமனேட் ஊற்றிக் குடித்தே பழக்கப்பட்டவர். உட்கார்ந்ததும், "வாத்தியாரே, லெமனேட் எங்க?" என்றார். இன்றைக்கு லெமனேட் கிடையாது என்றேன். "சட்ட போடாம வெளிய போகச் சொல்றீங்களே" என்றார். போதகர் அம்மா, "போங்க வில்லி, ஆண்டவர் பாத்துப்பார்" என்றார்.

எல்லாருக்கும் அடி அகன்று வாய் குறுகின கிளாஸில் கொஞ்சம் ஊற்றிச் சொன்னேன்: முதலில் குடிக்காதீர்கள். கிளாஸை மூக்குக்குள் திணிக்காதீர்கள், நெடி சுட்டுவிடும். கன்னத்துப் பக்கமிருந்து மெதுவாகக் கொண்டுவாருங்கள், வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், மூக்கும் வாயும் சேர்ந்துதான் வாசனை பிடிக்கும். பிறகு சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மூடி, பேசிக்கொண்டிருங்கள். அவசரப்படுத்தினால் எந்தக் குழந்தையும் வாய் திறக்காது, விஸ்கியும் அப்படித்தான். போதகர் அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "நறுக்கி வெச்ச பேரிக்கா... அப்புறம் தேன். சார், இது நெஜமாவே இருக்கா, இல்ல நானா நெனச்சுக்கறேனா?" என்று கேட்டார். மிக நல்ல கேள்வி என்றேன். உங்கள் அக்கா ஒரு தடவை மோந்துவிட்டு, "வைக்கோல்" என்றாள். திட்டுவதற்காகச் சொன்னதுதான், ஆனாலும் சரியான விடை. காய்ந்த புல் வாசனை அதில் இருக்கிறது. முழு மார்க் கொடுத்தேன், அதற்கும் முறைத்தாள். மோராக், புதுசாக இழைத்த மரம் மாதிரி, கூடவே கொஞ்சம் வெனிலா என்றாள்; அது பீப்பாய் கொடுத்தது. வில்லிதான் திரும்பத் திரும்ப மோந்துகொண்டிருந்தார். அப்புறம் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "எங்கம்மா பிஸ்கட் டப்பா மூடியத் தொறந்தாப்ல இருக்கு வாத்தியாரே. அந்த டப்பா எங்க போச்சுன்னே தெரியல" என்றார். அதற்குப் பிறகு அவர் லெமனேட் கேட்கவில்லை. புகை இல்லாவிட்டால் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே ருவாரி, இதெல்லாம்தான் இருக்கிறது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். கல்யாணத்தில் எப்படியோ அப்படியே பார்த்துவிடலாம் என்று நான்தான் உங்கள் குடும்பத்துக் காதுக் கோப்பையை அலமாரியிலிருந்து எடுத்து வந்து அதில் ஊற்றி, ஒரு காதை நானும் ஒரு காதை வில்லியும் பிடித்துப் போதகர் அம்மாவிடம் நீட்டினோம். ஒரு வாய் குடித்தார். இருமினார். "ஹெக்டர் சார், மனசு மாறிட்டீங்களா? இது ஐலா விஸ்கிதானே?" என்றார். வில்லி குடித்துப் பார்த்துவிட்டு, "அட, நம்ம பழைய பஸ்ஸு சைலன்சர்!" என்றார். நானும் குடித்தேன். புகை! அதே பாட்டில், அதே விஸ்கி, ஒரு நிமிஷத்துக்கு முன்னால் பேரிக்காயாக இருந்தது. சரி, மத்தியானம் சாப்பிட்ட புகைமீன் சூப்தான் வாயில் நிற்கிறது என்று எல்லாரையும் வாய் கொப்பளிக்க வைத்து ஓட்ஸ் பிஸ்கட் தின்னவைத்தேன். புகை போகவில்லை. கணப்பில் விறகு சரியாக எரியவில்லை என்று அதை அணைத்து ஜன்னல்களைத் திறந்தேன், மழை உள்ளே வந்து கம்பளம் நனைந்தது. வில்லி காலையில் தோட்டத்துச் சருகைக் கொளுத்திவிட்டு அதே ஸ்வெட்டரோடு வந்திருந்தது தெரிந்து அதைக் கழற்றச் சொல்லி என் ஸ்வெட்டரைக் கொடுத்தேன். அது அவர் தொப்பையில் பாதியைத்தான் மூடியது. எல்லாரும் குளிரில் நடுங்கிக்கொண்டு மறுபடி குடித்தோம். மறுபடி புகை. உங்கள் அக்கா மட்டும் இவ்வளவு நேரமும் தலை நிமிராமல் காலுறை பின்னிக்கொண்டிருந்தாள். கடைசியில்தான் வாயைத் திறந்தாள்.

"எத்தன பெரிய வாத்தியாரு! மூணு தலமுறையா எங்க ஊரு விஸ்கிய மட்டுமே குடிச்ச மரங்க அது. உங்ககிட்ட வந்ததும் பேரிக்கா வாசன அடிக்குமா?"

"அப்ப இதக் கழுவினதே இல்லையா?"

"எதுக்குக் கழுவணும்? ஒரு துணியால தொடச்சு வெப்போம். உங்கள மட்டும் நான் தெனமும் கழுவியா வெக்கறேன்?"

போதகர் அம்மா சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்றுவிட்டது.

ருவாரி, மரம் குடித்ததைத் திருப்பிக் கொடுக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. இந்தப் பள்ளத்தாக்கில் பீப்பாய்களுக்கு நடுவில் வாழ்கிறவன் நான். வினாத்தாளைப் படிக்காமல் விடை எழுதின பையன் மாதிரி ஆகிவிட்டேன். சரி, தவறு தெரிந்துவிட்டது, திருத்திவிடலாம் என்று மறுநாள் காலையில் தொடங்கினேன். வெதுவெதுப்பான தண்ணீரில் சமையல் சோடா போட்டு ஊறவைத்தேன், புகை போகவில்லை. ஓட்ஸை நிரப்பி வைத்தேன், வாசனையை இழுத்துக்கொள்ளும் என்று. ஓட்ஸுக்கும் புகை வாசனை ஏறியதுதான் மிச்சம், அதைப் பறவைகளுக்குப் போட்டேன், பறவைகளும் ஒதுங்கிப் போயின. புல்தரையில் வைத்தேன், பக்கத்து வீட்டு நாய் தூக்கிக்கொண்டு போய் அவர்களுடைய பீட்ரூட் பாத்தியில் போட்டது. கடைசியில், குளியலறைப் பக்கம் வெந்நீர்த் தொட்டிக்கு மேலே துண்டுகளை உலர்த்தி வைக்கிற அலமாரி இருக்கிறதே, அந்தச் சூட்டில் நன்றாகக் காய்ந்தால் புகையும் ஓடிவிடும் என்று உள்ளே வைத்து மூடிவிட்டேன். வாரம் முழுக்க எங்கள் வீட்டில் யார் முகம் கழுவித் துடைத்தாலும் துண்டில் உங்கள் ஊர்க் கடற்கரை வாசனைதான். உங்கள் அக்கா மட்டும் அந்த நாட்களில் அடிக்கடி முகம் கழுவினாள்.

நேற்று ஞாயிறு, ஆராதனை முடிந்து போதகர் அம்மாவும் வில்லியும் மறுபடி வந்தார்கள். வில்லி கல்யாணத்துக்கென்று தைத்த புது கில்ட்டை, முழங்கால் வரை வரும் கட்டம் போட்ட பாவாடையை, காட்டுவதற்காகவே கட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் கோப்பையை எடுத்து வந்து, புகை போய்விட்டது, இப்போது பாருங்கள் என்று பெருமையாக ஊற்றினேன். ஒரு காதை வில்லியிடம் கொடுத்தேன். அவர் அதை மடிக்கு மேலே பிடித்துக்கொண்டு மூக்கைக் கொண்டுபோனார், வாய் திறந்திருந்தது, கன்னத்துப் பக்கமிருந்து, எல்லாம் சொன்னபடி. அப்புறம், "வாத்தியாரே" என்றார் மடியைக் குனிந்து பார்த்து, "கோப்ப ஒண்ணுக்குப் போவுது!"

உங்களுக்குத் தெரியும், அந்தக் கோப்பை ஒரே கட்டையில் குடைந்தது இல்லை. சின்னச் சின்னப் பலகைகளைச் சேர்த்து நாரால் கட்டினது. நான் வைத்த சூட்டில் பலகையெல்லாம் சுருங்கிவிட்டது. பதினெட்டு வருஷத்து விஸ்கி எல்லா இடுக்கிலும் ஒழுகி, வில்லியின் கில்ட்டில் இறங்கி, அங்கேயிருந்து காலுறைக்குப் போய், காலணியில் தேங்கியது. "தண்ணி சேக்காம குடிச்சுது என் காலுதான்" என்றார் பாவம். போதகர் அம்மா துடைக்கத் துணி தேடி எடுத்தது அந்த அலமாரித் துண்டு. ஆகவே கில்ட்டிலும் ஐலா வந்துவிட்டது.

சத்தம் கேட்டு மோராக் வந்தாள். கோப்பையை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "அப்பா... இது இடுக்கு வழியா ஜன்னல் தெரியுதுப்பா" என்றாள். மெதுவாக மேஜையில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை. விருந்தாளிகள் போனபிறகு நான் மேலே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். அவள் கதவுக்கு அந்தப் பக்கமிருந்தே சொன்னாள்: "உள்ள எது இருந்தா எனக்கென்னப்பா? நீங்க ஒரு காது, மாமா ஒரு காது புடிச்சுக்கிட்டு நிக்கணும். அதப் பாக்கணும்னுதான் ஆசப்பட்டேன். இப்ப மாமாவும் இல்ல, கோப்பையும் இல்ல." என்னிடம் அதற்கு உதாரணம் எதுவும் இல்லை.

எனவே நன்றாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். எல்ஜினுக்குப் போய் வெள்ளீயக் கலவையில் செய்த பளபளப்பான புதுக் காதுக் கோப்பை ஒன்று வாங்கிவிட்டேன். மரம் இல்லாததால் பழைய வாசனை எதுவும் அதில் இருக்காது, ஒழுகவும் செய்யாது. உங்கள் குடும்பக் கோப்பை மரியாதையோடு அலமாரியில் இருக்கும். புதுக் கோப்பையில் எங்கள் விஸ்கி. அது எப்படி இருக்கும் என்று நீங்கள் முன்கூட்டியே நியாயமாகத் தெரிந்துகொள்ள, அதே பாட்டிலிலிருந்து கொஞ்சம் சின்ன பாட்டிலில் ஊற்றி இந்தக் கடிதத்தோடு பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன். குடித்துப் பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் ஊர்ச் சரக்கைக் கொண்டுவர வேண்டாம். இந்த முடிவில் மாற்றம் இல்லை என்பதை அன்போடு தெரிவித்துக்கொள்கிறேன்.

உங்கள் ஆடுகள் பெருகவும், கூரை காற்றில் பறக்காமல் இருக்கவும், முழங்கால் படியேறவும் பிரார்த்திக்கிறேன். ஃப்ளாஸுக்கு ஒரு தட்டு என் சார்பில் தட்டிக்கொடுக்கவும்.

என்றும் உங்கள் அத்தான்,
ஹெக்டர் இன்னஸ்

பின்குறிப்பு: செவ்வாய்க்கிழமை காலை. மேலே எழுதின முடிவை அடித்துவிட்டுப் படிக்கவும். தபாலுக்குக் கிளம்பலாம் என்று சமையலறைக்குப் போனால், மேஜை நடுவில் உங்கள் குடும்பக் கோப்பை, ஒரு பெரிய தட்டில், விளிம்பு வரை நிறைந்து நிற்கிறது. பக்கத்தில் என் பாட்டில், காலி. அதற்குப் பக்கத்தில் நான் கட்டிய பொட்டலம், பிரித்தபடி. உள்ளே சின்ன பாட்டிலும் காலி. உங்கள் அக்கா ஒழுகி ஒழுகித் தட்டில் விழுந்ததைத் திரும்பத் திரும்பக் கோப்பையில் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறாள். மரம் குடித்துக் குடித்துப் பருத்து, இடுக்கெல்லாம் மூடிவிட்டது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. "ஏம்மா, மரம் ஊறணும்னா தண்ணி ஊத்தினாப் போதுமே!" என்றேன். "எங்க வீட்டுக் கோப்பைக்குத் தண்ணியா? நல்லா சொன்னீங்க போங்க" என்றாள். "உன் தம்பி சரக்குதான் அலமாரியில அரை பாட்டில் இருக்கே, அத ஊத்தியிருக்கலாமே?" என்றேன். கோப்பையைப் பார்த்தபடியே, "அதத்தான் அது ஆயுசு பூரா குடிச்சாச்சே" என்றாள்.

மோராக் இறங்கி வந்தாள். நான் ஒரு காதைப் பிடித்தேன், இன்னொரு காதை உங்கள் அக்கா பிடித்தாள். மோராக் ஒரு வாய் குடித்தாள். நானும் குடித்தேன். முதலில் பேரிக்காய், அப்புறம் தேன், பிஸ்கட் டப்பா, வைக்கோல், எல்லாம் வரிசையாக வந்தது. எல்லாம் வந்து உட்கார்ந்த பிறகு, வெகு தூரத்தில், வயலுக்கு அந்தப் பக்கத்து வீட்டில் யாரோ அடுப்பு மூட்டினதுபோல ஒரு சின்னப் புகை. டேவி லீவு முடிந்து வந்து, பேசாமல் மூன்றாவது பெஞ்சில் எல்சி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். என்னால் குறை சொல்ல முடியவில்லை. முயற்சி செய்து பார்த்தேன். "மாமாகிட்ட ஒரு காது காலியா இருக்குன்னு எழுதுங்கப்பா" என்றாள் மோராக். எழுதிவிட்டேன். புதுக் கோப்பையில் உங்கள் அக்கா சர்க்கரை போட்டு வைத்திருக்கிறாள்.

வேறு விஸ்கி இல்லாததால், கோப்பையிலிருந்தே சின்ன பாட்டிலில் நிரப்பி மறுபடி பொட்டலம் கட்டியிருக்கிறேன். இதை எந்த ஊர் விஸ்கி என்று சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் வந்து சொல்லுங்கள். கப்பலுக்கு டிக்கெட் எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன்னால் ஒன்றே ஒன்று செய்யவும்: இதைக் கிளாஸில் ஊற்றி, அரை ஸ்பூன் தண்ணீர் விட்டு, மேலே ஒரு சாசரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய் ஃப்ளாஸுக்குச் சோறு வைத்து, திரும்பி வந்து, குடிக்காமல் முதலில் மோந்து பாருங்கள்.